ஓவியன் எங்கே நிற்கிறான்?

(இறுதியாண்டு, சிவில் பிரிவு)



டிராயிங் ஹாலில் நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட ஒரு வார்த்தையோடு தொடங்குகிறேன். அந்த வார்த்தை 'ஸ்டேஷன் பாயிண்ட்'. பெர்ஸ்பெக்டிவ் வரையும்போது பார்க்கிற ஆள் எங்கே நிற்கிறான் என்று குறிக்கிற புள்ளி அது. கட்டடம் ஒன்றுதான். ஆனால் அந்தப் புள்ளியை இடது பக்கம் தள்ளினால் ஒரு படம், வலது பக்கம் தள்ளினால் வேறொரு படம். கண்மட்டத்தைத் தரையோடு இறக்கிவிட்டால் சாதாரண ஓட்டு வீடுகூடக் கோட்டை மாதிரி ஓங்கி நிற்கும். மேலே ஏற்றினால் நாலு மாடிக் கட்டடமும் தீப்பெட்டியாகத் தெரியும். ஆட்டோகேட் வந்து, மினி டிராஃப்டர் பரண்மேல் ஏறிவிட்ட இந்தக் காலத்திலும் விதி மாறவில்லை. "கேமராவை எங்கே வைக்கட்டும்?" என்று கம்ப்யூட்டரும் கேட்கத்தான் செய்கிறது.

போரை வரைந்த ஓவியங்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விதியே பெரிய துணை என்பது என் கருத்து. பழைய காலத்து ஓவியர்கள் வெற்றியை வரைந்தார்கள், புதிய காலத்து ஓவியர்கள் வேதனையை வரைந்தார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேதனையை வரைந்தவன் இருநூறு வருஷத்துக்கு முன்பும் இருந்தான். வெற்றியை மட்டும் வரைகிறவன் இன்றைக்கும் இருக்கிறான். சினிமா போஸ்டரையும் செல்போனில் நாம் விளையாடும் சண்டை விளையாட்டையும் பார்த்தாலே தெரியும். எந்தக் காலம் என்பதைவிட, எங்கே நின்று வரைந்தான் என்பதுதான் கேள்வி.

"சிவில் படிக்கிறவனுக்கு ஓவியத்தைப் பத்தி இன்னா தெரியும்?" என்று சிலர் சிரிக்கலாம். நாமும் கோடு போட்டுப் பிழைக்கப் போகிறவர்கள்தானே நண்பர்களே! கோட்டைப் பற்றிப் பேச நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

அரண்மனைச் சுவரில் ஒரு போர்

தூரத்து உதாரணத்துக்குப் போகுமுன் பக்கத்திலேயே பார்ப்போம். காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூர் என்று ஒரு கிராமம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே பகைவர்களை முறியடித்தான் என்று ஒரு செப்பேடு சொல்கிறது. அந்தச் செப்பேடு கிடைத்தது நம்முடைய காரைக்கால் பக்கத்துக் காசாக்குடியில்! அதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேலே கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, அதே புள்ளலூரில் மறுபடி போர். ஒரு பக்கம் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை. மறுபக்கம் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும். அவர்களோடு ஒரு பிரெஞ்சுப் படைப்பிரிவும் இருந்தது.

ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன. படை சிதறியது. செத்தவர்கள் போக மிச்சமிருந்தவர்கள் கைதானார்கள். அப்போது காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்தவர் ஹெக்டர் மன்றோ. அவர் யார் தெரியுமா? இரண்டு வருஷத்துக்கு முன், 1778 அக்டோபரில், நம்ம புதுச்சேரியை முற்றுகையிட்டுப் பிடித்த அதே மன்றோதான். பெய்லியைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பி ஓடினார்.

இந்த வெற்றியைத் திப்பு ஓவியமாக்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவர் முழுக்க அந்தப் போர் இருக்கிறது. வரைந்தவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. சிவப்புச் சட்டை போட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நிற்கிறார்கள். நடுவில் வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பிரெஞ்சு அதிகாரி தூரதரிசினி வைத்துப் பார்க்கிறார். திப்பு பதற்றமே இல்லாமல், கையில் ரோஜாப்பூவோடு வருகிறார்!

ஆங்கிலேயன் தோற்றதைப் பார்க்கும்போது நமக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. அதில் தப்பில்லை. அதோடு, அந்த ஓவியர்கள் ரத்தத்தை ஒளிக்கவும் இல்லை. வெட்டுண்ட தலைகளும் உடல்களும் அங்கே கிடக்கின்றன. ஆனால் அவை எதிரியின் அவமானமாகக் கிடக்கின்றனவே தவிர, ஒரு மனிதனின் வலியாகக் கிடக்கவில்லை. பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்தான். நம்ம ஊர்க்காரன் மாதிரி கூலிக்குப் போய்ச் செத்தவன். அவனுக்கு அந்தச் சுவரில் தனி முகம் கிடையாது. போருக்கு முன்னும் பின்னும் எரிந்துபோன கிராமங்களும், சோறில்லாமல் ஓடிய உழவர்களும் அந்தச் சுவருக்குள் வரவே இல்லை. ஓவியன் நின்ற இடம் அரண்மனைக் கூடம். அங்கேயிருந்து அவ்வளவுதான் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு அந்த மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி இந்த ஓவியத்தைப் பழுது பார்க்கச் செய்தார். பிறகு டல்ஹவுசி பிரபு காலத்தில் மறுபடியும் வர்ணம் ஏற்றினார்கள். தோற்றவர்களே தங்கள் தோல்வியை வரைந்து வைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஜெயித்துவிட்ட தைரியம்! ஏறக்குறைய 32 அடி நீளத்தில் காகிதத்தில் வரைந்த இதே போர்க்காட்சி ஒன்று 2022-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்து 6 லட்சம் பவுனுக்கு மேல் விலை போனது. புள்ளலூரில் ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. சிப்பாய்க்கும் உழவனுக்கும் சுவரும் இல்லை, தூணும் இல்லை.

லண்டனிலிருந்து பார்த்தவர்கள்

இப்போது எதிர்ப்பக்கம் போவோம். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு கொல்லப்பட்டார். மறு வருஷமே, 1800-இல், ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளைஞர் லண்டனில் 120 அடி நீளத்துக்கு அந்தக் கோட்டைப் பிடிப்பை வரைந்து காட்சிக்கு வைத்தார். ஆறே வாரத்தில் வரைந்தார் என்கிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள். அன்றைய சினிமாஸ்கோப் அதுதான்! போர்ட்டர் அதுவரை இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

டேவிட் வில்கி என்ற ஸ்காட்லாந்து ஓவியரும் இந்தியாவைப் பார்த்ததில்லை. அவர் 1839-இல் முடித்த ஓவியம் 11 அடிக்கு மேல் உயரம். திப்புவின் உடலை ஜெனரல் டேவிட் பெயர்டு கண்டெடுக்கும் இரவுக் காட்சி. இந்தப் பெயர்டு புள்ளலூரில் கைதாகி 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்தவர். ஓவியத்தைப் பாருங்கள். கண்மட்டம் கீழே இருக்கிறது. அதனால் பெயர்டு மலை மாதிரி நிமிர்ந்து நிற்கிறார். அவர் காலடியில் திப்புவின் உடல். இன்னும் கீழே ஒரு நிலவறைக் கம்பி. அவர் அடைபட்டிருந்த சிறையின் அடையாளம் அது. பழி தீர்த்த கதையை ஒரு கம்பியை வைத்தே சொல்லிவிட்டார் வில்கி. கெட்டிக்காரர்தான். ஆனால் ஓவியத்துக்குக் காசு கொடுத்தவர் பெயர்டின் மனைவி. ஸ்டேஷன் பாயிண்ட் எங்கே விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திப்புவின் சுவரும் வில்கியின் துணியும் ஒன்றுக்கொன்று எதிரி. கட்சி வேறு, நாடு வேறு, வரையும் முறையே வேறு. இருந்தாலும் இரண்டுமே ஜெயித்தவன் வீட்டில் நின்று பார்த்தவைதான்.

தரையில் நின்றவர்கள்

வில்கி வரைவதற்கு முன்பே ஒருவர் இடத்தை மாற்றிக்கொண்டு நின்றுவிட்டார். ஸ்பெயின் நாட்டு கோயா. 1808-இல் நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் புகுந்தது. கோயா அரண்மனை ஓவியர்; ராஜாவையும் ராணியையும் வரைந்து சம்பளம் வாங்கியவர். காதும் கேட்காது. அந்த மனிதர் செப்புத் தகடுகளில் 82 காட்சிகளைச் செதுக்கினார். 'போரின் பேரழிவுகள்' என்று அவற்றை அழைக்கிறோம். தூக்கில் தொங்குகிறவன், மரத்தில் கட்டி வெட்டப்பட்டவன், பட்டினியில் விழுந்தவள், பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிற தாய்! ஒரு தகட்டுக்கு அவர் வைத்த தலைப்பு, 'நான் இதைப் பார்த்தேன்' என்பது. அதில் தளபதி இல்லை, கொடி இல்லை, ரோஜாப்பூ இல்லை. பிரெஞ்சுக்காரன் செய்த கொடுமையும் இருக்கிறது, ஸ்பெயின்காரன் திருப்பிச் செய்த கொடுமையும் இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. தன் கட்சிக்காரன் கையிலிருந்த ரத்தத்தையும் அவர் துடைக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை அந்தத் தொகுதி வெளிவரவே இல்லை. 1828-இல் இறந்தார், அச்சானது 1863-இல்.

அடுத்து ஜெர்மனியின் ஓட்டோ டிக்ஸ். முதல் உலகப் போரில் மெஷின்கன் இயக்கிய சிப்பாய். பதுங்கு குழியிலேயே கிடந்தவர். 1924-இல் 'போர்' என்ற பெயரில் 50 செதுக்குப் படங்களை வெளியிட்டார். விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு வரும் வீரர்கள் அதில் மனிதர்களாகவே தெரியமாட்டார்கள். பூச்சிகள் மாதிரி தெரிவார்கள். சேறு, எலும்பு, கிழிந்த முகம்... ஒரு பக்கத்துக்கு மேல் சட்டென்று புரட்ட முடியாது.

கடற்கரையில் நாம் சுண்டல் தின்றுகொண்டே கடந்து போகும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் அதே போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பியதுதான். வெள்ளைத் தூண்கள், நடுவில் வீரர் சிலை, ஜூலை 14 அன்று விளக்கு அலங்காரம். பார்க்க அழகாக இருக்கிறது, மரியாதையாகவும் இருக்கிறது. இறந்தவனுக்கு மரியாதை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அவன் எப்படி இறந்தான் என்பது அந்தத் தூணில் இல்லை. அது டிக்ஸின் படத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

பார்த்தால்தான் வரைய முடியுமா?

இங்கே ஒரு சந்தேகம் வரும். கோயா அந்த நாட்டிலேயே இருந்தார், டிக்ஸ் களத்திலேயே இருந்தார், அதனால் அப்படி வரைந்தார்கள். போர்ட்டரும் வில்கியும் நேரில் பார்க்கவில்லை, அதனால் பெருமை பாடினார்கள் என்று சொல்லிவிடலாமா?

கூடாது. 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினில் குவெர்னிகா என்ற ஊர்மேல் ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டன. பிக்காசோ அப்போது இருந்தது பாரிஸில். குண்டு விழுந்ததை அவர் பார்க்கவில்லை. பேப்பரில் படித்தார், பத்திரிகைப் போட்டோக்களைப் பார்த்தார். சில வாரங்களில் 11 அடி உயரம், 25 அடி நீளத்துக்கு 'குவெர்னிகா'வை வரைந்து அந்த வருஷமே பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். வண்ணமே கிடையாது, பேப்பர் போட்டோ மாதிரி கறுப்பு, வெள்ளை, சாம்பல். செத்த குழந்தையோடு அலறும் தாய், அலறும் குதிரை, உடைந்த வாளோடு விழுந்து கிடப்பவன். விமானம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லை! குண்டு போட்டவனுக்குப் படத்தில் இடமே தரவில்லை. வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு போய் நின்றுகொண்டார்.

வில்கியும் பார்க்கவில்லை, பிக்காசோவும் பார்க்கவில்லை. ஒருவர் போய் நின்றது ஜெனரலின் பக்கம், இன்னொருவர் போய் நின்றது தாயின் பக்கம். ஆகவே நிற்கிற இடம் என்பது வெறும் ஊர் விலாசம் அல்ல. அது நாமாகத் தேர்ந்தெடுப்பது.

நம் நாட்டிலும் ஒருவர் அப்படித் தேர்ந்தெடுத்தார். 1943 வங்கப் பஞ்சத்தின்போது சித்தப்ரொசாத் என்ற இளம் ஓவியர் மிதுனாப்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் நடந்தே போய், பார்த்ததையெல்லாம் கறுப்பு மையில் வரைந்தார். அந்தப் படங்களில் துப்பாக்கி கிடையாது, சிப்பாய் கிடையாது. எலும்பும் தோலுமான உழவர்களும் பிள்ளைகளும்தான். ஆனாலும் அவை போர் ஓவியங்கள்தான் என்பேன். பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும், படகுகளையும் அரிசியையும் அரசாங்கம் அப்புறப்படுத்தியதும் அந்தப் பஞ்சத்துக்கான காரணங்களில் சேரும். போர் குண்டாக மட்டும் வராது, பசியாகவும் வரும் என்று காட்டினார் சித்தப்ரொசாத். அவருடைய 'ஹங்கிரி பெங்கால்' புத்தகத்தைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது.

ஒரு வீட்டு பிளான்

இனி சொல்லப் போவது குறிப்பாக நம் சிவில் பிரிவு நண்பர்களுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர் ஓவியர் தா. சனாதனன். அங்கேயே பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர். 2011-இல் அவர் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். தோம்பு என்பது போர்த்துகீசியர் காலத்திலிருந்து இலங்கையில் வழங்கும் நிலப் பதிவேடு. முடிவுறாத தோம்பு என்று பொருள் கொள்ளலாம்.

அவர் என்ன செய்தார்? போரில் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட வடக்குத் தமிழர்களையும் முஸ்லிம்களையும் தேடிப் போனார். "உங்கள் வீடு எப்படி இருந்தது? ஞாபகத்திலிருந்து பிளான் போட்டுக் காட்டுங்கள்" என்றார். அவர்களும் போட்டார்கள். ஸ்கேல் கிடையாது, டைமென்ஷன் கிடையாது. கிணறு எங்கே, மாமரம் எங்கே, அடுக்களை எங்கே, சாமி அறை எங்கே என்று நடுங்கும் கையால் போட்ட கோடுகள். அந்தக் கோட்டுப் படத்தை ஒரு கட்டடக் கலைஞரைக் கொண்டு முறையான பிளானாக வரையச் செய்தார். அதோடு தன்னுடைய ஓவியம் ஒன்றையும் சேர்த்தார். இப்படி 80 பேருடைய வீடுகள், ஆபீஸ் ஃபைல் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக.

ரத்தம் இல்லை, பிணம் இல்லை, அலறல் இல்லை. ஆனால் நாம் தினமும் போடுகிற அதே பிளான்தான் என்று யோசித்தால் மனசு என்னவோ செய்கிறது. நாம் பிளான் போடுவது இனிமேல் எழும்பப் போகிற வீட்டுக்கு. அவர்கள் போட்டது விட்டுவிட்டு வந்த வீட்டுக்கு. கோயாவும் பிக்காசோவும் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் போய் நின்றார்கள். சனாதனன் இன்னும் ஒரு அடி போய், பென்சிலையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்.

நின்னுடுமா?

இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டியபோது என் ரூம்மேட் கேட்டான்: "எல்லாம் சரிடா மச்சான். படம் வரைஞ்சா சண்டை நின்னுடுமா?"

நியாயமான கேள்வி. நிற்காது. 'குவெர்னிகா' வந்து இரண்டே வருஷத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. டிக்ஸின் படங்களைப் பார்த்த ஜெர்மனிதான் மறுபடியும் துப்பாக்கி தூக்கியது. ஓவியத்தால் ஒரு தோட்டாவைக்கூடத் தடுக்க முடியாது.

ஆனால் நான் திருப்பிக் கேட்கிறேன். படத்துக்குச் சக்தியே இல்லை என்றால் ஆளுகிறவர்கள் ஏன் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்? சித்தப்ரொசாத்தின் புத்தகத்தை ஏன் அழித்தார்கள்? 1933-இல் நாஜிகள் பதவிக்கு வந்ததும் டிக்ஸை ஆசிரியர் வேலையிலிருந்து ஏன் தூக்கினார்கள்? நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்பு சபைக் கூடத்துக்கு வெளியே 'குவெர்னிகா'வின் நெசவுப் பிரதி ஒன்று தொங்கும். 2003 பிப்ரவரியில் அமெரிக்க அமைச்சர் கொலின் பவல் ஈராக்கைப் பற்றிப் பேச வந்த சமயம், அதை நீலத் திரை போட்டு மூடினார்கள். பிள்ளையோடு அலறும் தாயைப் பின்னால் வைத்துக்கொண்டு போருக்கு ஆதரவு கேட்பது சங்கடமாக இருக்கும் அல்லவா!

சண்டையை நிறுத்துவது அரசியலின் வேலை. சண்டையைப் பற்றிப் பொய் சொல்ல விடாமல் தடுப்பது ஓவியத்தின் வேலை. இதுதான் என் பதில்.

நம் ஊரின் 1,400 பேர்

கடைசியாக நம் புதுச்சேரிக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் இதற்காகத்தான்.

1760-இல் ஆங்கிலேயர் நம் ஊரை முற்றுகையிட்டார்கள். அவர்களுக்குத் தளபதி அயர் கூட். உள்ளே பிரெஞ்சுத் தளபதி லாலி. கோட்டைக்குள் சாப்பாடு தீர்ந்துகொண்டே வந்தது. நவம்பர் மாதக் கடைசியில் லாலி ஒரு முடிவெடுத்தார். தின்கிற வாயைக் குறைக்க வேண்டும். ஊருக்குள் மிச்சமிருந்த நம் ஜனங்களை, ஆண், பெண், குழந்தை என்று ஏறக்குறைய 1,400 பேரை, மதிலுக்கு வெளியே துரத்திவிட்டார். அவர்கள் ஆங்கிலேயர் பக்கம் போனார்கள். அங்கே வழி விடவில்லை. திரும்பி வந்தார்கள், கதவு திறக்கவில்லை. இரண்டு படைக்கும் நடுவில், வெட்டவெளியில், எட்டு நாள் அலைந்தார்கள். புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றார்கள். எட்டு நாளுக்குப் பிறகுதான் கூட் வழிவிட்டார். இதை எழுதி வைத்தவர் ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கில வரலாற்றாசிரியர்.

1761 ஜனவரியில் ஊர் விழுந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், கால் நூற்றாண்டாக நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை காலமாகியிருந்தார். பிறகு ஆங்கிலேயர் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கூடலூர்ப் பக்கத்து செயின்ட் டேவிட் கோட்டையை 1758-இல் லாலி இடித்ததற்குப் பதிலடி! இருவரும் மாறி மாறி இடித்த கணக்கு வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. லாலிக்குப் படம் இருக்கிறது. கூட்டுக்குப் படம் இருக்கிறது, சிலையும் இருக்கிறது. நடுவில் புல்லைத் தின்ற 1,400 பேருக்கு எனக்குத் தெரிந்து ஒரு படம்கூட நம் ஊரில் எங்கும் மாட்டியிருக்கவில்லை.

நாம் சைக்கிளிலும் பைக்கிலும் சுற்றுகிற அண்ணா சாலை, சுப்பையா சாலை, பட்டேல் சாலை எல்லாம் பழைய மதில் ஓடிய தடத்தை ஒட்டிப் போட்ட சாலைகள்தான். அதைத் தாண்டி உழவர்கரைப் பக்கமாகப் போகிற வெளியில்தான் அந்த எட்டு நாள் நடந்தது. பஸ் பிடிக்க நாம் தினமும் மிதிக்கிற பூமி அது!

எனவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் ஓவியப் போட்டிக்குத் தேசிய ஒருமைப்பாடு, சுற்றுச்சூழல் என்று தலைப்பு கொடுக்கிறோம். நல்ல தலைப்புகள்தான். அடுத்த வருஷம் 'அந்த எட்டு நாள்' என்று கொடுத்துப் பார்ப்போமே! ஜெயிக்கிற மூன்று படங்களோடு நிறுத்தாமல், வந்த படங்கள் எல்லாவற்றையும் நூலகத்துக்கு முன்னால் மாட்டுவோம். சர்வே தெரிந்தவன் பழைய மேப்பை இன்றைய மேப்பில் பொருத்திக் கொடுக்கட்டும். மெக்கானிக்கல் நண்பன் அந்தக் காலத்துப் பீரங்கியின் அளவைத் தேடிக் கொடுக்கட்டும். பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கும் நண்பர்களையும் அழைப்போம். அவர்கள் சொல்லித் தந்தால் நம் கோடு இன்னும் தேறும்.

வரையப் போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். ஸ்டேஷன் பாயிண்டை மதில்மேல் வைக்காதீர்கள், ஆங்கிலேயன் பீரங்கிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஹொரைசன் லைனைத் தரையிலிருந்து இரண்டடிக்கு இறக்குங்கள். தரையில் உட்கார்ந்து புல்வேரைத் தோண்டுகிற ஒரு ஆறு வயசுப் பிள்ளையின் கண்மட்டம் அது. அங்கேயிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சாத்திய கதவு, இன்னொரு பக்கம் துப்பாக்கி வரிசை, நடுவில் அம்மாவின் கை. தளபதிகள் தெரியமாட்டார்கள். தெரியவும் வேண்டாம்.

நமக்குக் கோடு போடத் தெரியும் நண்பர்களே. இந்த ஒரு படத்தையாவது போடுவோம்!